உப்பும் கண்டும்: காவிரி நாட்டு நாரத்தைத்தோல் வரலாறு

அரசர் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாக நிற்கின்றன. அடுக்களை வரலாற்றுக்கு அத்தகைய சான்றுகள் மிகச் சிலவே. உண்ட பொருள் அழிந்துபோகும். அதனை ஆக்கிய கை தன் செய்ம்முறையை ஏட்டில் எழுதி வைப்பதில்லை. ஆயினும், பொருள் அழிந்த பின்னும் அதன் பெயர் மொழியில் எஞ்சி நிற்கின்றது. செய்ம்முறையும் வழிவழியாகக் கைப்பழக்கத்தில் நிலைபெறுகின்றது. இவ்விரண்டனையும் இலக்கியச் சான்றோடும் கல்வெட்டுச் சான்றோடும் வைத்து ஒப்புநோக்கின், ஓரளவு தெளிவு பிறக்கும் என்பது எம் கருத்து. அக்கருத்துப்பற்றி நாரத்தை இனக் கனிகளின் தோலைப் பதப்படுத்தும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மேலை நாட்டார் இக்கனிகளின் தோலைச் சருக்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவிட்டு வைத்துக்கொள்வர். காவிரி நாட்டாரோ அதனை உப்பில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவர். கனியின் பெயரும் கண்டின் பெயரும் இந்திய நாட்டினின்றும் மேற்றிசை சென்றவை. அங்ஙனமிருக்க, அவ்விரண்டும் சேர்ந்து பிறந்த பண்டம் காவிரி நாட்டில் வேரூன்றாமைக்குக் காரணம் யாது? கடாரங்காய் என்னும் காய் முதலாம் இராசேந்திரன் கடாரத்தினின்றும் கொணர்ந்தது என்று மக்கள் கூறும் செய்தி எத்துணை உறுதியுடையது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நரந்தமும் நாரத்தையும்

சங்க நூல்களில் 'நரந்தம்', 'நரந்தை' என்னும் சொற்கள் பயில்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொகுத்துரைக்கும் மலர்களுள் நரந்தமும் ஒன்று. அதற்கு நாரத்தம்பூ என்று பொருள் கொள்வது பழைய உரைமரபு. புறநானூற்றின் 132-ஆம் பாட்டில் முடமோசியார் கூறும் நரந்தையோ புல் என்றே அடையடுத்து வருகின்றது; அதனைக் கவரிமான் மேய்கின்றது. ஆதலின், சங்க காலத்தில் இப்பெயர் நறுமணமுடைய புல்லொன்றற்கும் நறுமலருடைய மரமொன்றற்கும் பொதுவாய் நின்றது எனக் கொள்ளுதலே பொருந்தும். இருபொருளையும் இணைப்பது மணம் என்க.

காவிரி நாட்டைப் பொறுத்தவரை எமக்குச் சிறப்பாகப் பயன்படுவது மணிமேகலைச் சான்று. மலர்வனம் புக்க காதையில் காவிரிப்பூம்பட்டினத்து உவவனம் புனைந்துரைக்கப்படுகின்றது. ஆண்டு நரந்தம் நாகத்தோடும் புன்னையோடும் ஒருங்கு எண்ணப்படுகின்றது. குருந்து, கொன்றை முதலிய மரங்களும் அவ்வரிசையில் உள. ஆகவே, ஈண்டு நரந்தம் புல்லன்று, மரமே என்று கோடற்கு இடமுண்டு. அவ்வரிசையில் வரும் குருந்து, இக்காலப் பயிர்நூலார் நாரத்தையோடு ஒரே குடும்பத்தில் வைக்கும் மரம் என்பதும் கருதத்தக்கது. காட்டெலுமிச்சை என வழங்குவதும், திருப்பெருந்துறையில் மணிவாசகரை ஆட்கொண்ட வரலாற்றோடு மரபில் இணைந்து நிற்பதும் அக்குருந்தே.

எனினும், இவ்விலக்கியங்கள் நரந்தத்தின் பூவையே போற்றுகின்றன. நாரத்தையின் காய்க்கும் தோலுக்கும் உணவில் இருந்த இடத்தைப் பிற சான்றுகளால்தான் உய்த்துணர வேண்டும்.

2. நாரங்கம் என்னும் சொல்லின் செலவு

வடமொழியில் 'நாரங்கம்', பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்', இசுபானியத்தில் 'நராஞ்சா' என வழங்கும் சொற்கள் ஒரே சொல்லின் வேறுபாடுகளாம். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் முதலில் நின்ற நகரமெய், அம்மொழிகளின் ஒருமைச் சுட்டின் இறுதி நகரத்தோடு மயங்கி மறைந்தது. அங்ஙனம் நகரம் இழந்த வடிவமே ஆங்கிலத்திற் புகுந்து 'ஆரஞ்சு' ஆயிற்று. பின்னர் ஆங்கிலேயர் வழியாக அச்சொல் மீண்டும் தமிழ்நாட்டிற்கு வந்தது. நாரத்தையும் ஆரஞ்சும் இன்று ஒரே கடைத்தெருவில் வேற்றார் போல அடுத்தடுத்து நிற்கின்றன. அவை ஒரு குடிப்பிறந்தவை என்பதைக் கூறினாலன்றி உணர்வாரில்லை.

வடமொழி நாரங்கம் திராவிட மொழிகளினின்றும் கடன் பெற்றது என அறிஞர் பலர் கருதுவர். தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரகம், நாரங்ங என்பன அதற்குச் சான்றாகக் காட்டப்படும். சிலர் மேலும் ஒருபடி சென்று, 'நாறு' என்னும் மணப்பொருள் வினையே இதற்கு அடி என்பர். பொருள் நோக்கில் இஃது இனிதே. எழுத்து நோக்கில் ஒரு தடையுண்டு. நாறு என்பது வல்லின றகரம் உடையது. நாரத்தை இடையின ரகரம் உடையது. இவ்விரண்டனையும் வேறுபடுத்தி ஒலிக்கும் மலையாளத்திலும் இடையின ரகரமே காணப்படுகின்றது. ஆதலின், திராவிட மூலம் என்னும் கொள்கையை ஏற்பவரும் 'நாறு' என்னும் அடியைத் துணிந்து கூறுதல் அரிது. நார் மிக்கதாகலின் நாரத்தை எனப்பட்டது என்பாரும் உளர். அது மக்கள் வழக்கிற் பிறந்த காரணம் போலும்.

கனி மேற்றிசை சென்ற காலத்தைப்பற்றி அரபு அறிஞர் அல்மசூதி ஒரு குறிப்பு எழுதியுள்ளார். இவர் 956-ஆம் ஆண்டளவில் மறைந்தவர். நாரங்கம் இசுலாமிய ஆண்டு 300-க்குப் பின், அஃதாவது கி. பி. 912-க்குப் பின், இந்தியாவினின்றும் கொணரப்பட்டு முதலில் ஓமானிலும் பின்னர்ப் பசுரா, ஈராக்கு, சிரியா முதலிய இடங்களிலும் நடப்பட்டது என்றும், இந்திய மண்ணும் காற்றும் இன்மையால் அதன் பழைய மணம் குன்றியது என்றும் அவர் கூறுவர். கனியின் பிறந்தகம் எது என்பதில் பத்தாம் நூற்றாண்டு அரபியர்க்கு ஐயமில்லை என்பது இதனாற் போதரும்.

இக்காலத்து மரபணு ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று, இவ்வினம் முழுதும் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரப் பகுதியில் தோன்றிப் பரவியது என்றும், கடார நாரத்தை போன்ற தடித்தோற் கனிகளின் முதலினமாகிய மாதுலுங்கம், பம்பளிமாசு, சிறு கமலா என்னும் மூன்றும் பெரும்பாலான வளர்ப்பினங்களுக்குத் தாயினங்கள் என்றும் நிறுவியது. நாம் இன்று உண்ணும் எலுமிச்சை, கிச்சிலி முதலியவற்றுட் பல, இவற்றின் கலப்பிற் பிறந்தவை.

3. கண்டும் சருக்கரையும் சீனியும்

இனிக் கண்டின் வரலாற்றைக் காண்போம். வடமொழியில் 'கண்டம்' துண்டு எனப் பொருள்படும். கட்டியாகிய வெல்லத்திற்கும் அஃது ஆயிற்று. பாரசீகத்தில் 'கந்து' எனவும், அரபியில் 'கந்தி' எனவும் வழங்கி, ஆங்கிலத்தில் 'காண்டி' என்னும் மிட்டாய்ப் பெயராயிற்று. தமிழில் கற்கண்டு என்பதன் இறுதி நிற்கும் கண்டும் இதனோடு உறவுடையது. பரற்கல்லைக் குறித்த வடசொல்லாகிய 'சர்க்கரா' என்பதே அரபியில் 'சுக்கர்' ஆகி, இலத்தீனிலும் பிறமொழிகளிலும் பரவியது. சாற்றைக் காய்ச்சிப் பரலாக்கும் தொழில் இந்தியர் கண்டது என்பதற்குச் சீனர் எழுதிய வரலாறே சான்று. 647-ஆம் ஆண்டில் தாங் மரபுப் பேரரசர் தைசோங், சருக்கரை காய்ச்சும் முறையை அறிந்துவர மகத நாட்டிற்குத் தூதுவரை விடுத்தார்.

அங்ஙனமிருந்தும் தமிழர் வெண்சருக்கரையைச் 'சீனி' என்றே வழங்குகின்றனர். சீன நாட்டினின்றும் கப்பலேறி வந்த வெண்மையான சருக்கரையைக் குறிக்க எழுந்த பெயர் இது. வடநாட்டாரும் கற்கண்டினை எகிப்து நாட்டின் பெயரால் 'மிசிரி' என்பர். இதனினின்றும் அறியத்தக்க நெறியொன்றுண்டு: ஒரு பண்டத்தின் பெயரில் ஒரு நாட்டின் பெயர் இருத்தலால், அப்பண்டம் அந்நாட்டிலேயே தோன்றியது என்று முடிவு செய்தல் கூடாது. அஃது எத்துறையின் வழியே வந்தது, எவ்வணிகர் கையினின்றும் பெறப்பட்டது என்பதை மட்டுமே அப்பெயர் உணர்த்தும். இந்நெறியைக் கடாரங்காய்ச் செய்தியை ஆராயுங்கால் மீண்டும் எடுத்தாளுவோம்.

காவிரி நாட்டில் கரும்பு மிகப் பழையது. அதியமான் முன்னோர் கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் கூறுகின்றார். உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, சோழநாட்டு மருதவளத்தைக் கூறுமிடத்துக் கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலையின் தீப்புகையால் அருகிலுள்ள நெய்தற்பூ வாடுவதைக் காட்டுகின்றது. அதே பாட்டு, வெள்ளுப்பை விற்று நெல்லைப் பெற்று வந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கழியில் பிணிக்கப்பட்டு நின்றதையும் கூறுகின்றது. இருபொருளும் ஒரே நாட்டில், ஒரே பாட்டில், சில அடிகள் இடையிட்டு நிற்கின்றன. எனவே, கரும்பின்மையால் காவிரி நாட்டார் உப்பினை நாடினர் என்று கூறுதல் பொருந்தாது.

சோழப் பேரரசு நிலைபெற்ற காலத்தும் நிலைமை இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள், தெய்வத்திருமேனிகளின் அமுதுபடிக்கென வைத்த நிவந்தங்களை விரித்துரைக்கின்றன. ஆண்டு அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், உப்பு என்பவற்றோடு சருக்கரையும் அளவு குறித்து எண்ணப்படுகின்றது. உப்பும் சருக்கரையும் ஒரே அடுக்களையில் நாள்தோறும் பயன்பட்டன என்பது இதனால் தெளிவு.

4. கடாரமும் கடாரங்காயும்

முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். கடாரம் கொண்டான் என்னும் விருதுப்பெயரும் பூண்டான். கடாரம் மலேயாவின் மேலைக் கரையிலுள்ள கெடா என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் துணிபு. அவ்வெற்றியின் நினைவாகவே நாரத்தையினும் பெரிதாய், தடித்த தோலுடையதாய் உள்ள கடாரங்காய் இந்நாட்டிற்கு வந்தது என்று காவிரிக்கரை ஊர்களிற் கூறக் கேட்கின்றோம். இதனை மூவகையாற் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, கல்வெட்டுச் சான்று. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, கடாரத்தரசனிடமிருந்து கைக்கொண்ட யானைகளையும் பெரும்பொருளையும் தோரணத்தையும் கதவுகளையும் கூறுகின்றது. மரஞ்செடி ஒன்றும் அதன்கண் கூறப்படவில்லை. மெய்க்கீர்த்தி காயையும் கனியையும் கூறுதல் மரபன்று என எதிர்வாதம் புரியலாம். அஃது உண்மையே. ஆயினும், மெய்க்கீர்த்தி கூறாமையைக் கொண்டு ஒன்றை மறுக்க இயலாதவாறு போலவே, அதனைக் கொண்டு ஒன்றை நிறுவவும் இயலாது.

இரண்டாவது, இலக்கணச் சான்று. மரப்பெயர்கள் அம்முச்சாரியை பெறுதலைத் தொல்காப்பியம் விதிக்கின்றது. ஐகார ஈற்று மரப்பெயருள் பனை பனங்காய் என்றும், ஆவிரை ஆவிரங்கோடு என்றும் ஐகாரம் கெட்டு அம்முப் பெற்றுப் புணர்கின்றன. இம்முறையே நாரத்தை, நாரத்தங்காய் என்றாயிற்று. அகராதிகள் 'கடாரை' என்னும் மரப்பெயரையும் 'கடாரநாரத்தை' என்னும் தொடரையும் தருகின்றன. கடாரை என்பதே மரப்பெயராயின், கடாரங்காய் என்பது அதனினின்றும் இயல்பாகப் பிறந்த வடிவமாம். கடாரம் என்னும் ஊர்ப்பெயரை வலிந்து கொணர வேண்டுவதில்லை. மறுதலையாக, கடாரம் என்னும் மகர ஈற்றுப் பெயர் காய் என்பதனோடு வேற்றுமைப் பொருளிற் புணரின், மரக்கோடு போலக் கடாரக்காய் என வல்லெழுத்து மிகுதலே பெருவழக்கு. குளக்கரை, குளங்கரை என இருவகையாகவும் வரும் சொற்களும் உண்மையின், மெல்லெழுத்து வடிவத்தை அறவே விலக்குதற்கும் இல்லை. கடாரநாரத்தை என்னும் தொடரிலோ மகரம் கெட்டுக் கடாரம் என்னும் பெயரே அடையாய் நிற்கின்றது எனக் கொள்ளலாம். இலக்கணம் இருவழியையும் திறந்து வைத்து, மரப்பெயர் வழிக்குச் சிறிது வலிமை கூட்டுகின்றது.

மூன்றாவது, சொற்பொருட் சான்று. கடாரம் என்பதற்குக் கொப்பரை, பெரிய செப்புப் பாத்திரம் என்னும் பொருளும் உண்டு. பருத்த காயைப் பருத்த கலத்தின் பெயரால் அழைத்தல் வியப்பன்று. இப்பொருளும் நின்று போட்டியிடுதலால், ஊர்ப்பெயரே காரணம் என்று துணிதல் மேலும் அரிதாகின்றது.

ஊர்ப்பெயரே காரணம் என வைத்துக்கொண்டாலும், படையெடுப்பே அதன் வழி என்பது போதராது. கடாரத்தோடு சோழநாட்டிற்கிருந்த தொடர்பு போரினும் வணிகத்தாலும் அறச்செயலாலும் நெடிது நின்றது. பட்டினப்பாலையில் வரும் காழகத்திற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் எழுதினார். இராசேந்திரன் படையெடுப்பிற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் பெரிய செப்பேடு இதனைக் கூறும். அத்துறையில் இறங்கிய துறவியரும் வணிகரும் விதையும் கன்றும் கொணர்ந்திருத்தற்கு, படைவீரர் கொணர்ந்திருத்தலினும் மிக்க இடமுண்டு. சீனி, மிசிரி என்னும் பெயர்களிற் கண்ட நெறியும் இதனையே வலியுறுத்தும். எனவே, கடாரங்காயை இராசேந்திரன் வெற்றிச்சின்னமாகக் கூறும் செய்தியை வரலாறாக ஏற்றற்கில்லை. நாகப்பட்டினத்துக் கடல்வணிகத்தின் நினைவு அப்பெயரில் உறைந்திருத்தல் கூடும் என்ற அளவில் நிற்றலே தக்கது.

இவ்வினத்துள் கடல்வழி வந்தமை தெளிவாகத் தெரியும் பெயர் பிறிதொன்றுண்டு. அது பம்பளிமாசு. ஒல்லாந்தர் மொழியில் இக்கனிக்குரிய 'பொம்பல்மூசு' என்பதன் திரிபு இது. ஒல்லாந்தர் 1658-இல் போர்த்துக்கேசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றினர். 1781 வரை அஃது அவர்கையில் இருந்தது. சாவகத் தீவின் பத்தாவியாவோடு அத்துறை இடையறாத் தொடர்புடையதாய் இருந்தமையின், பெயர் வந்த வழியை அறிதற்கு அரிதன்று.

5. பதப்படுத்தும் முறைகள்

இருவகைச் செய்ம்முறையையும் ஒப்பிடுவோம். நாரத்தைத்தோலின் புறப்பகுதியில் எண்ணெய்ப் பைகள் செறிந்துள்ளன. மணம் அவற்றினின்றும் எழுவது. அதன் அடியில் வெண்மையான மெத்தென்ற பகுதி உளது. கைப்பு பெரும்பாலும் அதன்கண் உறைவது. இக்கைப்புப் பொருள்களுள் ஒன்றற்கு வேதியியலார் இட்ட 'நாரிஞ்சின்' என்னும் பெயரிலும் நாரங்கமே ஒலிக்கின்றது. கைப்பினைத் தணித்தல், நீரினை நீக்குதல், மணத்தைப் போகாது காத்தல் என்னும் மூன்றுமே பதப்படுத்துவோன் முன் நிற்கும் கடமைகள்.

மேலை நாட்டார் தோலை நீரிற் பலகால் வேகவைத்துக் கைப்பினை வடித்துவிடுவர். பின்னர் மெல்லிய பாகில் இட்டு, நாள்தோறும் பாகின் செறிவை ஏற்றுவர். தோலினுள் இருந்த நீர் வெளியேறி அவ்விடத்தே சருக்கரை புகும். ஈற்றில் தோல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மை பெறும். பெரிய மாதுலுங்கக் காய்களுக்கோ வேறொரு முன்தொழிலும் உண்டு. கார்சிகா, சிசிலி முதலிய தீவுகளில் அக்காய்களைப் பிளந்து, கடல்நீரிலோ உப்புநீரிலோ வாரக்கணக்கில் ஊறவைத்துப் பீப்பாய்களில் அடைத்து, செனோவா, லிவோர்னோ முதலிய துறைகளுக்கு அனுப்புவர். ஆண்டு உப்பினை வேகவைத்து நீக்கிய பின்னரே பாகில் இடுவர். அஃதாவது, மேலை நாட்டுக் கண்டிட்ட தோலுக்கும் முதற்படி உப்பே. காவிரி நாட்டார் அம்முதற்படியையே முடிந்த படியாகக் கொண்டு, அதன்மேல் வெயிலைச் சேர்த்தனர் எனலாம்.

இந்நாட்டு முறை வருமாறு. நாரத்தங்காயைக் கழுவித் துடைத்து, அறாது சுருள் சுருளாக அரிவர், அல்லது பிளவாக்குவர். சுருளின் இடையே உப்பும் மஞ்சளும் திணித்துக் கற்சட்டியிலோ பீங்கான் சாடியிலோ இடுவர். புளிப்பு உலோகத்தை அரிக்குமாதலின் செப்பும் பித்தளையும் இதற்கு ஆகா. நாள்தோறும் குலுக்கி விட, காய் தன் நீரையே விட்டு அந்நீரிலேயே ஊறும். சில நாட்கள் சென்றபின், பகலில் சுருள்களைத் தட்டில் பரப்பி வெயிலில் உலர்த்துவர். மாலையில் மீண்டும் அவ்வுப்புநீரிலேயே இடுவர். நீர் முழுதும் காயினுள் சுவறும் வரை இது தொடரும். ஈற்றில் தோல் கருகிய நிறமும் மேலே உப்புப் பூத்த தோற்றமும் பெறும். நன்கு உலர்ந்த நாரத்தை ஆண்டுக்கணக்கிற் கெடாது. பழையது ஆக ஆகக் கைப்புத் தணிந்து சுவை கூடும்.

உப்பினைத் தெரிந்துகொண்டமைக்கு யாம் மூன்று காரணங்கள் கருதுகின்றோம். ஒன்று, உணவின் இயல்பு. நெல்விளை நாட்டில் உண்டி சோறும் தயிரும் பழையதும் கஞ்சியுமாம். இவற்றிற்குத் துணையாவது உவர்ப்பும் புளிப்பும் கைப்பும் கலந்த சிறு துண்டே, இனிப்பு அன்று. மேலை நாட்டாருக்குக் கண்டிட்ட தோல் கோதுமைப் பணியாரத்தின் உள்ளீடு. காவிரி நாட்டாருக்கு உப்பிட்ட தோல் சோற்றின் தொடுகறி. இரண்டு, பொருளின் இயல்பு. இந்நாட்டிற் பெருக விளைந்தது வெல்லம். தூய வெண்சருக்கரை அன்று. வெல்லம் ஈரத்தை ஈர்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கசிந்து புளிக்கும். அதனைக் கொண்டு உலர்ந்த கண்டு செய்து ஆண்டு முழுதும் வைத்தல் அரிது. மூன்று, இடத்தின் இயல்பு. வேதாரணியத்து உப்பளங்கள் காவிரி நாட்டின் தென்கடைக் கண் உள்ளன. 1930-இல் இராசகோபாலாச்சாரியார் திருச்சிராப்பள்ளியினின்றும் நடந்து சென்று உப்பெடுத்ததும் அவ்விடத்தேயாம். அருகில் உப்பும், மாசி முதல் சித்திரை வரை கடும் வெயிலும், அறுவடை முடிந்து ஓய்ந்த முற்றமும் ஒருங்கே வாய்த்த நாட்டில் இம்முறை வேரூன்றியது இயல்பே.

இனிப்பு அறவே விலக்கப்பட்டது என்றும் கூறுதற்கில்லை. நாரத்தங்காயைப் புளியும் வெல்லமும் இட்டுக் கொதிக்கவைத்துச் செய்யும் பச்சடி தஞ்சைப் பகுதியில் விருந்திற்கு உரியது. ஆண்டுத் தோலும் வெல்லமும் கூடுகின்றன. ஆயினும் அஃது அன்றைய உணவே, வைப்புணவு அன்று. பாகில் ஊறிய வைப்புணவிற்குத் தமிழில் வழங்கும் 'முரபா' என்னும் பெயர் அரபி மூலமுடையது. 'பேணி வளர்த்தது' என்னும் கருத்தினின்றும் பிறந்தது. மராத்தியிலும் 'முராம்பா' என்று இச்சொல் பயில்கின்றது. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்து அரண்மனை உணவுமுறைகளைக் கூறும் சரபேந்திர பாகசாத்திரம் என்னும் மராத்தி நூல் சரசுவதி மகால் நூல் நிலையத்து உளது. அவ்வரசவையின் பல்சுவைப் பழக்கத்திற்கு அந்நூல் சான்று. எனினும், தமிழர் இல்லங்களில் முரபா என்றால் இஞ்சி முரபாவே பெரிதும் நிலைத்தது. நாரத்தை உப்பினின்றும் பெயரவில்லை.

6. பயன்கள்

நாரத்தையின் உறுப்புக்கள் தனித்தனிக் குணமுடையன என்பது மருத்துவ நூலார் கண்ட உண்மை. சுசுருத சங்கிதை, மாதுலுங்கத்தின் தோலையும் சதையையும் சாற்றுப் பைகளையும் வேறுபிரித்துக் குணம் கூறுகின்றது. தோல் கைப்புடையது, எளிதிற் செரியாதது, வளியையும் கிருமியையும் கபத்தையும் தணிப்பது என்பது அதன் கருத்து. காவிரி நாட்டு இல்லங்களில் உப்பு நாரத்தை காய்ச்சல் நீங்கினார்க்குக் கஞ்சியோடும், வாய்க்குமட்டல் உடைய சூல்கொண்ட மகளிர்க்குத் தனியாகவும், வழிச்செல்வார்க்குக் கட்டுச்சோற்றோடும் தரப்படும். உப்பு மிகுதியாயிருத்தலின், குருதியழுத்தம் உடையோர் இதனை அளவறிந்து உண்ணல் வேண்டும் என்பது இக்கால மருத்துவர் அறிவுரை.

தோலேயன்றித் தளிரும் பயன்படும். நாரத்தையின் இளந்தளிரையும் எலுமிச்சைத் தளிரையும் நரம்பு நீக்கி, மிளகாய், உப்பு, புளி, ஓமம், பெருங்காயம் இவற்றோடு இடித்து உருட்டி வைப்பதனை 'வேப்பிலைக்கட்டி' என்பர். இதன்கண் வேப்பிலை சிறிதும் இல்லை. பெயர்க்காரணத்தை ஆராயின், கறிவேப்பிலை நினைவிற்கு வருகின்றது. அதுவும் வேம்பன்று, பயிர்நூலார் அதனையும் நாரத்தைக் குடும்பத்திலேயே வைப்பர். வேம்பு என்பது கைப்பினைக் குறித்தலும் தமிழ் வழக்கு. ஆதலின், கைப்பும் மணமும் உடைய உணவிலை எனும் பொதுப்பொருளில் வேப்பிலை என்னும் சொல் ஒருகால் வழங்கியிருத்தல் கூடும் எனவும், அப்பொதுவழக்கின் எச்சமே இவ்விரு பெயரும் எனவும் கருத இடமுண்டு.

ஆங்கிலேயர் வரவிற்குப் பின் கண்டிட்ட தோல் பணியாரக் கடைகளின் வழியே இந்நாட்டிற் புகுந்தது. ஆயினும், அதன் இடத்தை விரைவிற் பற்றிக்கொண்டது, பச்சைப் பப்பாளிக்காயைச் சிறு சிறு கட்டங்களாக அரிந்து பாகில் ஊறவைத்து நிறமூட்டிய 'டூட்டி ஃப்ரூட்டி' என்பதாம். மணமும் கைப்பும் அற்ற அது, தோலின் தோற்றத்தை மட்டுமே பெற்றது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. நரந்தம் காவிரிப்பூம்பட்டினத்துச் சோலையில் மரமாக நின்றது. அதன் பூவே பண்டு புகழப்பட்டது. நாரங்கம் என்னும் பெயரும் கண்டு என்னும் பெயரும் இந்நாட்டினின்றும் மேற்றிசை சென்று ஒரு பண்டமாகக் கூடின. காவிரி நாட்டார் சருக்கரை அறியாமையால் அன்று, சோறுண்ணும் வாழ்க்கைக்கும் மழையும் வெயிலும் மாறிவரும் பருவத்திற்கும் ஏற்பவே உப்பினைத் தெரிந்துகொண்டனர். கடாரங்காயை இராசேந்திரன் கொணர்ந்தான் என்பதற்குச் சான்றில்லை.

ஈண்டு ஒன்று வற்புறுத்தக் கடமைப்பட்டுள்ளோம். இவ்வாராய்ச்சிக்கு ஏட்டினின்றும் பெற்ற சான்றினும், இல்லங்களில் வழங்கும் சொல்லினின்றும் செயலினின்றும் பெற்ற சான்று குறைந்ததன்று. சுருள் அரிதல், உப்பு அடைத்தல், பகலில் உலர்த்தி இரவில் ஊறவிடல் என்னும் இவை யாவும் மகளிர் கைவழியே காக்கப்பட்டு வந்தவை. கொல்லையில் நாரத்தை மரமும், வீட்டினுள் வெயில் விழும் முற்றமும் அருகிவரும் இக்காலத்து, அச்செயல் நின்றுபோமாயின், சாரியை பெற்ற ஒரு பெயர் மட்டுமே அகராதியில் எஞ்சும். கல்வெட்டினைப் படியெடுப்பார் போல, ஊர்தோறும் சென்று இவ்வழக்காறுகளையும் இவற்றிற்குரிய சொற்களையும் முதியோர் வாயினின்றும் கேட்டுப் பதிவு செய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். அங்ஙனம் தொகுத்தபின், கடாரை என்னும் மரப்பெயர் எவ்வெவ்வூர்களில் உயிரோடு வழங்குகின்றது என்பது தெரியவரும். கடாரங்காய் ஊர்ப்பெயரிற் பிறந்ததா, மரப்பெயரிற் பிறந்ததா என்னும் வினாவிற்கு அத்தொகுப்பே நேரிய விடை தரவல்லது.